ஆளுக்கு ஒரு தட்டு

இந்தப் பை உங்களுடையதா சார்? இதுவுமா? மேலே இருக்கிற அந்தப் பெரிய பையும் உங்களுடையதுதானா? சரி சரி, எடுக்க வேண்டாம். காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டால் நான் உட்கார்ந்துவிடுவேன். தஞ்சாவூர் வரைக்குமா? நான் பாபநாசம். கும்பகோணம் தாண்டி இறங்க வேண்டியவன்.

என் மூட்டையைப் பாருங்கள். இவ்வளவுதான். ஒரு வேட்டி, ஒரு துண்டு. முடிந்தது. கூட்டத்தில் ஏறினேன், ஒருத்தரையும் இடிக்கவில்லை. நீங்கள் ஏறும்போது கண்டக்டர் என்ன சொன்னார்? நான் கேட்டுக்கொண்டுதானே நின்றேன். வீட்டையே தூக்கிக்கிட்டு வர்றீங்களான்னு கேட்டாரா இல்லையா? வருத்தப்படாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் போனேன், வந்தேன்.

ஜன்னல் ஓரம் நான் உட்காரட்டுமா? காற்று இல்லையென்றால் எனக்குத் தலை சுற்றும். நல்லது சார்.

நான் போகிற காரியம் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை என் பேத்தியைத் திருச்சிக்கு, அதன் அப்பா வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆடி பிறக்கிறதற்குள் கொண்டுபோய் விட வேண்டுமாம். அதற்கு முன்னால் குழந்தையை ஒரு தடவை கையில் வாங்க வேண்டும். நான் இன்னும் வாங்கியதில்லை. இது ஒன்று. குழந்தை போனபிறகு என் வீட்டுக்காரிக்கு அங்கே வேலை இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு மாயவரம் வந்துவிட வேண்டும். இது இரண்டு.

அங்கே என்றால் மச்சினன் வீடு. என் பேத்தி பிறந்தது மச்சினன் வீட்டில். மாயவரத்தில் தாத்தா வீடு என்று ஒன்று, சொந்த வீடு சார், சுவரில் ஒரு விரிசல் இல்லை, அது காலியாக இருக்க, குழந்தை பாபநாசத்தில் உரக்கடைக்காரன் வீட்டில் பிறந்தது. யாரிடம் போய்ச் சொல்ல?

காலியாக என்றால், காலியாகத்தான். நான்தான் காலி செய்தேன். அதில் எனக்கு ஒரு ஒளிவும் இல்லை.

நான் கூட்டுறவுப் பண்டகசாலையில் ஸ்டோர்கீப்பராக இருந்தவன். முப்பது வருஷம் அரிசி மூட்டைக்கும் சோப்புப் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் சாமான். கட்டிலுக்கு அடியில் சாமான், பரண் மேலே சாமான், கதவுக்குப் பின்னால் சாமான். தையல்நாயகி, என் வீட்டுக்காரி, ஒன்றையும் விடமாட்டாள். கல்யாணத்துக்கு வந்த குடம், கிரகப்பிரவேசத்துக்கு வந்த தவலை, பிள்ளைக்குப் பால் புகட்டின பாலாடை. இது எதுக்கு என்று கேட்டால், "இருக்கட்டுமே, சோறா கேக்குது" என்பாள்.

ரிட்டயரானேன். மங்கைக்கு, அதுதான் என் மகள், ஒரே மகள், கல்யாணம் முடித்தேன். அப்புறம் புதுச்சேரிப் பக்கம் ஒரு முகாமுக்குப் போனேன். எளிய வாழ்க்கை முகாம். கடற்கரையில் ஒரு கொட்டகை. வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் பேசினார். வீட்டில் ஒரு பொருள் இருந்தால் அதைத் துடைக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நீதான் என்றார். எனக்குச் சுரீர் என்றது. முப்பது வருஷத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாரே. ஒரு வருஷம் தொடாத பொருளை வெளியே அனுப்பு என்றார். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை தட்டு, அத்தனை டம்ளர், அத்தனை பாய் என்றார். போனைக்கூட ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் திறந்து வைக்க வேண்டும்.

நான் வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். நாம் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு தட்டு.

"யாராவது வந்தா?" என்றாள்.

"இலை இருக்கு."

"காபிக்கு?"

"நம்ம டம்ளரைக் கழுவிக் கொடு."

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். கேட்டிருக்க மாட்டேன், ஆனாலும் அவள் சொல்லியிருக்கலாமா இல்லையா?

உங்கள் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் கொடுங்கள். நான் பாட்டில் வைத்துக்கொள்வதில்லை. வழியெல்லாம் தண்ணீர் இருக்கும்போது ஒரு பாட்டிலைச் சுமப்பானேன்?

அப்பா. இப்போது சரியாகிவிட்டது.

என்ன சொன்னேன்? ஆமாம், சாமான். எல்லாவற்றையும் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். நான் இரண்டாவது முகாமுக்குப் போகிற சமயம். "நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்து அனுப்பிடறேன்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒவ்வொரு பாத்திரத்தையும் பழைய பேப்பரில் சுற்றினாள். கண்ணாடிச் சாமானுக்கு உள்ளே துணி வைத்தாள். பீரோவின் கைப்பிடிக்குச் சணல் கட்டினாள். இல்லத்துக்குக் கொடுக்கிற சாமானுக்கு இத்தனை பக்குவம் எதற்கென்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்தேன் பாருங்கள். கூடம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. பேசினால் குரல் திரும்பி வந்தது. இரண்டு பாய். இரண்டு தட்டு. என் ஈஸிசேர் மட்டும் இருந்தது. அது சாமானில் சேராது சார், முதுகுக்காக டாக்டர் சொன்னது. அதில் சாய்ந்தபடி அந்த வெறும் சுவரைப் பார்த்தேன். என் ஆயுளில் அப்படி ஒரு நிம்மதி நான் அனுபவித்ததில்லை.

அவளுக்கு அந்த ருசி வரவில்லை. பெண்களுக்குக் கொஞ்சம் நாளாகும் என்று முகாமிலேயே சொன்னார்கள். வாஷிங் மெஷின் போனதால் துணியைக் கையில் துவைத்தாள். நல்லதுதானே, உடற்பயிற்சி. மிக்ஸி போனதால் பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சரிடம் சட்னி அரைத்துவரப் போவாள். மாவை அவர்கள் பிரிட்ஜில் வைப்பாள். ஏணி எதிர் வீட்டில். சுத்தியல் மூன்றாவது வீட்டில். பாருங்கள், ஒரு தெருவுக்கு ஒரு மிக்ஸி போதும் சார். ஒற்றுமை வளரும். நான் அவளிடம் சொல்வேன், நீ போகும்போது டீச்சருக்கும் இதையெல்லாம் எடுத்துச் சொல்லு என்று.

ஒரு நாள் திரும்பி வந்தவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "கேட்டுக் கேட்டு எனக்கு நாக்கு தேஞ்சுபோச்சுங்க. ஒரு நாளைக்கு நீங்க போய்க் கேளுங்களேன்" என்றாள்.

எனக்கு அதெல்லாம் வராது சார். கூச்ச சுபாவம்.

இது குத்தாலம்தானே? பஸ் என்ன இப்படி ஊர்கிறது. உங்கள் பேப்பரை எடுத்துக்கொள்கிறேன், விசிறிக்கொள்ளத்தான். படிப்பதானால் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. மங்கை முழுகாமல் இருந்தாள். திருச்சியில் வளைகாப்பு நடந்தது. முதல் பிரசவம் அம்மா வீட்டில்தானே. பெண்ணைக் கொண்டுவிட மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாளும் கூடவே வந்தார்கள். சம்பந்தியம்மாள் கனத்த சரீரம். முழங்காலில் வலி உண்டு. உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தார்கள். "என்ன சம்பந்தி, வெள்ளையடிக்கப் போறீங்களா? சாமானெல்லாம் வெளிய எடுத்துட்டீங்க போலிருக்கே" என்றார்கள்.

நான் விளக்கினேன். வெள்ளைச் சட்டைக்காரர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்கள். அவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார்களே என்று நானும் நிறுத்தவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது, உட்கார நாற்காலி இல்லை, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. ஈஸிசேரில் நான் இருந்தேன். எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்க மாட்டேனா?

சாப்பாட்டுக்கு நான் சொன்ன இலையை வாங்கி வரவில்லை. யார் வாங்கி வருவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளவில்லை. அதனால் இரண்டு இரண்டு பேராகச் சாப்பிட்டோம். முதலில் நானும் மாப்பிள்ளையும். தட்டைக் கழுவி அப்புறம் சம்பந்தியம்மாளும் மங்கையும். சம்பந்தியம்மாளுக்கு மட்டும் டீச்சர் வீட்டிலிருந்து ஒரு முக்காலி வந்தது. கடைசியில் தையல் சாப்பிட்டாளா இல்லையா, நான் கவனிக்கவில்லை. படுத்துவிட்டேன்.

அவர்கள் திருச்சி கிளம்பியதும் தையல் என் எதிரில் வந்து நின்றாள்.

"பிள்ளை பெத்தவளுக்கு வெந்நீர் போட அண்டா வேணும்."

"டீச்சர் வீட்டில் வாங்கிக்கலாம்."

"அவ படுக்கக் கட்டில் வேணும்."

"எதிர் வீட்டில் ஒரு கட்டில் சும்மாதான் கிடக்கு."

"பிள்ளையையும் எதிர் வீட்டிலேயே பெத்துக்கலாமா?" என்றாள்.

சிரிக்காமல் கேட்டாள் சார். அவள் அப்படிப் பேசுகிறவளே இல்லை. நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கோவிந்தராசு, அதுதான் மச்சினன், வாசலில் காரோடு நிற்கிறான். எப்போது போன் போட்டாள், யார் போனில் பேசினாள், ஒன்றும் தெரியாது. "அக்காவையும் மங்கையையும் கூட்டிட்டுப் போறேன் அத்தான். ஆஸ்பத்திரி எங்க வீட்டுக்கு எதிர்லதான் இருக்கு" என்றான். நல்ல வாய். உரம் விற்கிற வாய். போகும்போது தையல் கையில் ஒரு பைகூட இல்லை. அதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பரவாயில்லையே, என் பாடம் கொஞ்சம் ஏறியிருக்கிறதே என்று நினைத்தேன்.

அது என்ன, முறுக்கா? வேண்டாம் சார். சரி, நீங்கள் இவ்வளவு சொல்வதால் ஒன்று. வீட்டில் செய்ததா? அவள் போனதிலிருந்து நான் ஹோட்டலில்தான் சாப்பிடுகிறேன். அதிலும் ஒரு சௌகரியம், வீட்டில் கழுவத் தட்டே இல்லை. இன்னும் ஒன்று எடுத்துக்கொள்கிறேன்.

பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கிற அன்றைக்குப் போனேன். மச்சினன் வீட்டில் பின்பக்கம் தனியாக ஒரு பகுதி உண்டு, வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். அங்கே இருக்கிறார்கள் என்றான். போய் வாசற்படியில் நின்றேன் சார். நின்றவன் நின்றவன்தான்.

என் வீடு அங்கே இருந்தது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். என் கட்டில். மங்கை பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பூப்படம் ஒட்டிய அதே பீரோ. அதன் பக்கத்தில் என் வீட்டில் எப்படி இருந்ததோ அதே மாதிரி சாய்த்துவைத்த மடக்கு நாற்காலிகள். சுவரில் கடிகாரம். அதை ஐந்து நிமிஷம் கூட்டி வைப்பது என் வீட்டு வழக்கம். அங்கேயும் ஐந்து நிமிஷம் கூட ஓடுகிறது. அடுப்படியில் குடம், தவலை, அண்டா, எல்லாவற்றிலும் அவள் பெயர் வெட்டியிருக்கிறது. உத்தரத்திலிருந்து மங்கையின் தொட்டில் தொங்குகிறது. நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள் தையல். வந்தவர்கள் போனவர்கள் எல்லாருக்கும் உட்கார இடம் இருந்தது. எல்லார் கையிலும் காபி.

நான் மட்டும்தான் அங்கே இல்லை. அதாவது, வாசலில் நின்றேன் என்று சொல்கிறேன்.

"இதெல்லாம் முதியோர் இல்லத்துக்குன்னு சொன்னேனே" என்றேன்.

"சொன்னீங்க" என்றாள். நிமிரவில்லை. "உள்ள வந்து உக்காருங்க."

எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு வருஷம் முழுக்க என்னை ஏமாற்றியிருக்கிறாள். இதில் என் மச்சினனும் உடந்தை. பெரிய மனுஷன், சாமானைச் சேர்த்துச் சேர்த்துப் பூட்டிவைக்கிற குணம் அந்தக் குடும்பத்துக்கே உண்டு. நான் தரையில் உட்கார்ந்தேன். வேண்டுமென்றேதான். என் கொள்கை எனக்கு.

மங்கை குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். "அப்பா, தரை ஈரமா இருக்கு. பிள்ளைக்கு ஆகாது. கட்டில்ல உக்காந்துக்கங்க, கையில தர்றேன்" என்றாள்.

"இங்கேயே கொடு."

"கட்டில்ல உக்காருங்கப்பா. ஒரு நிமிஷம்."

"எனக்குக் கட்டில் கிடையாது. கட்டிலை விட்டு ஒரு வருஷமாச்சு."

எல்லாரும் பார்க்கிறார்கள். விட்டுக்கொடுக்க முடியுமா சார்? அவ்வளவு பேருக்கு முன்னால் நான் ஏறிக் கட்டிலில் உட்கார்ந்தால் ஒரு வருஷம் நான் இருந்ததற்கு என்ன அர்த்தம்? மங்கை கொஞ்ச நேரம் நின்றாள். குழந்தை கொட்டாவி விட்டது. சின்ன வாய். அப்புறம் சம்பந்தியம்மாள் கை நீட்டினார்கள், அவர்களிடம் கொடுத்துவிட்டாள். அவர்கள் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

சாப்பிடாமல் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. பந்தி நேரம், கவனித்திருக்க மாட்டார்கள்.

பிறகு போனில் பேசினேன், அந்த ஒரு மணி நேரத்தில். எப்போது வருகிறாய் என்று கேட்டேன். "அங்க எனக்கு என்ன இருக்கு?" என்றாள். நான் இருக்கேனே என்றேன். எவ்வளவு அன்பாகச் சொன்னேன். "ஒரு வருஷம் தொடாததை வெச்சுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள். பக்கத்தில் மங்கை சிரிக்கிற சத்தம் கேட்டது. தமாஷ் பண்ணுகிறாள் என்று நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போனை வைத்தபிறகு அந்தக் கூடத்தில் என் சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. காலி வீட்டில் அப்படித்தான். அதற்கு ஒன்றும் அர்த்தம் இல்லை.

கும்பகோணம் வந்துவிட்டது. பத்து நிமிஷம் நிற்பான். நீங்கள் டீ குடிக்க இறங்குகிறீர்களா? இல்லையா? நல்லது. நானும் இறங்கவில்லை.

இந்தத் தடவை நான் யோசித்து வைத்திருக்கிறேன். கட்டிலில் உட்கார மாட்டேன், அது முடியாது. ஆனால் நின்றுகொண்டே வாங்கிக்கொள்ளலாம் பாருங்கள். நின்றுகொண்டு வாங்கினால் கொள்கைக்கும் பங்கமில்லை, தரை ஈரம் என்றும் சொல்ல முடியாது. மூன்று மாதக் குழந்தைக்குத் தலை நின்றிருக்குமா சார்? உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா? கழுத்துக்கு அடியில் ஒரு கை, இல்லையா? மங்கையை நான் அப்படித்தான் தூக்குவேன். குழந்தைக்கு என்ன கொண்டுபோகிறேன் என்கிறீர்களா? ஒன்றும் இல்லை. சங்கிலி, கொலுசு, வெள்ளிக் கிண்ணம் என்று தாத்தா வீட்டுச் சீர் ஒரு பட்டியல் உண்டு. எல்லாம் துடைக்க வேண்டிய சாமான். என் பேத்திக்கு நான் அந்தப் பாரத்தைக் கொடுக்க மாட்டேன்.

இப்போது உங்கள் போனைக் கொஞ்சம் கொடுங்கள் சார். என் போன் வீட்டில் இருக்கிறது. மூன்று நாளாக நான் அதைத் திறக்கவே இல்லை, ஒரு மணி நேரம்கூட அதிகம் என்று தோன்றிவிட்டது. வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோவிந்தராசு ஸ்டாண்டுக்கு வண்டி அனுப்பினால் வெயிலில் நடக்க வேண்டாம்.

தையலா? நான்தான். ஒருத்தர் போனில் பேசுகிறேன். பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன், கும்பகோணத்தில். ஆமாம். என்ன? சத்தமாகச் சொல்லு. எப்போது? புதன்கிழமையேவா? ஞாயிற்றுக்கிழமை என்றுதானே மங்கை சொன்னாள். சரி. சரி. இல்லை, திறக்கவில்லை. டீச்சர் வீட்டுக்காவது போட்டிருக்கலாமே? சரி. நீ எப்போது, இல்லை, நான் கேட்டது என்னவென்றால். ம். சரி. வைக்கிறேன்.

இந்தாருங்கள் சார், போன். நன்றி.

போய்விட்டார்களாம். மாப்பிள்ளைக்கு லீவு மாறிப்போயிற்றாம். புதன்கிழமை சாயங்காலமே குழந்தையைக் கூட்டிக்கொண்டு திருச்சி போய்விட்டார்கள். எனக்கு இரண்டு நாள் விடாமல் போன் போட்டார்களாம். மங்கை கிளம்புகிற வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தாளாம். ஒரு ஆளை அனுப்பியிருக்கக் கூடாதா? அடுத்த தேசமா மாயவரம்? ரெஜினா டீச்சர் நம்பர் இவர்களிடம் இருக்குமே. கேட்டால், டீச்சரை இன்னும் எத்தனைக்குத்தான் தொந்தரவு பண்றது என்கிறாள். சீரெல்லாம் கோவிந்தராசு செய்துவிட்டானாம். தாத்தா ஸ்தானத்தில் அவன் நின்றிருக்கிறான். அவன் கையில்தான் குழந்தையைக் கொடுத்து, அவன்தான் காரில் வைத்தானாம். கட்டில் நாற்காலி எதிலும் உட்காரத் தயங்காத ஆள், அவனுக்கு என்ன.

திருச்சிக்கு நான் எப்படிப் போவேன்? சம்பந்தி வீட்டுக்கு, கையை வீசிக்கொண்டு?

பஸ் எடுத்துவிட்டான். தாராசுரம் தாண்டினால் பாபநாசத்துக்கு ரொம்ப நேரமில்லை.

இல்லை, இறங்கித் திரும்ப மாட்டேன். அவள் வரச் சொல்லியிருக்கிறாள் சார். அவளாகத்தான் சொன்னாள். நீ எப்போது வீட்டுக்கு வருவாய் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்கு முன்னாலேயே அவள், "வந்தது வந்தீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். கோபம் இருந்தால் அப்படிச் சொல்வாளா? குரலில் கோபமே இல்லை. நன்றாகத்தான் சொன்னாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் அவள் அப்படித்தான் தன்மையாகச் சொல்வாள். போஸ்ட்மேன் வந்தால்கூட.

இந்தாருங்கள் உங்கள் பேப்பர். விசிறினது போதும்.

முப்பத்திரண்டு வருஷம் சார். காலையிலும் ராத்திரியிலும் அடுப்படியிலிருந்து ஒரே சத்தம்தான் வரும். சாப்பிட வாங்க. சண்டை போட்ட அன்றைக்கும் அதுதான். என் அம்மா செத்த அன்றைக்கும், எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்தபிறகு, அதுதான். சாப்பிட வாங்க. இந்த மாதிரி போங்க என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

யாரோ கூப்பிடுகிறார்கள். கண்டக்டர். பாபநாசமா? பாபநாசம்தான். பெரியவரே, இறங்குறீங்களா இல்லையா, வண்டி நிக்குதுல்ல என்கிறார்.

இறங்குகிறேன்யா. காலைக் கொஞ்சம் மடக்குங்கள் சார். பசியில்லை, உங்கள் முறுக்கே வயிற்றில் இருக்கிறது. ஆனாலும் ஒருத்தி இலை போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். வந்தவன் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.